வரித்துறை வங்கிக் கணக்கை முடக்கினால்: முழுசாகக் கட்டுவதா, தவணையா, மேல்முறையீடா, மதுரைக்குப் போவதா?

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மழை விட்டு ரப்பர் வெட்டு மறுபடி தொடங்கியிருந்த வாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் இருக்கும் என் மாமா, வெட்டுக்காரர்களுக்கு வாரக் கூலி அனுப்பப் போனை எடுத்தார். முதல் ஆளுக்கே போகவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து முற்றத்துக்கு வந்து மறுபடி போட்டார். அப்போதும் போகவில்லை. சேமிப்புக் கணக்கில் 1,86,000 ரூபாய் இருப்பு காட்டியது. எடுக்கக்கூடிய தொகை என்ற இடத்தில் சைபர். நடுவில் 'லீன்' (எடுக்க விடாமல் வங்கி பிடித்து வைத்திருக்கும் தொகை) என்று ஒரு குறிப்பு, அதற்கு நேராக 18 லட்சத்துச் சொச்சம். அவ்வளவு பணம் அந்தக் கணக்கில் ஒருசேர ஒரு நாளும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் வங்கி திறக்கும் முன்பே போய் நின்றோம். "எனக்க பணத்த எனக்கு எடுக்க முடியாதா சாரே? நான் ஆரையாவது ஏமாத்துனேனா?" என்று மாமா கேட்டார். மேலாளர் குரலை உயர்த்தவில்லை. வருமான வரித் துறையின் கடிதத்தை எடுத்துக் காட்டினார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிரிவு 226(3). வரி பாக்கிக்காரருக்குச் சேர வேண்டிய பணம் யார் கையில் இருந்தாலும், அவரிடம் நேராகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அதிகாரம் அது. வங்கி கொடுக்காவிட்டால் வங்கியே பாக்கிக்காரர் ஆகிவிடும். அதனால் மேலாளரிடம் கெஞ்சுவதிலோ சண்டை போடுவதிலோ பயனில்லை. அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தக் கடிதத்தின் நகல். அதில்தான் எந்த மதிப்பீட்டு ஆண்டு, எவ்வளவு தொகை, எந்த அதிகாரி என்பதெல்லாம் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடன் வாங்கியாவது கட்டிவிடு என்றார் ஒருவர். தவணை கேள் என்றார் இன்னொருவர். மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் கேஸ் போட்டால் ஒரே நாளில் திறந்துவிடுவார்கள் என்றார் வேறொருவர். மார்த்தாண்டத்தில் எங்கள் ஆடிட்டர் மட்டும், "முதல்ல டிமாண்ட் உண்மையா பொய்யான்னு பாப்போம். வழிய அப்புறம் பேசலாம்" என்றார். இன்று யார் இந்த நிலைமையில் வந்து என்னிடம் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

டிமாண்ட், அதாவது இவ்வளவு வரி கட்டு என்று துறை கேட்கும் தொகை, எங்கிருந்து வந்தது என்று பார்க்க இ-ஃபைலிங் போர்ட்டலுக்குள் போனோம். அங்கேதான் முதல் அதிர்ச்சி. 2016-ல் ஒரு கடனுக்காக மாமா ரிட்டர்ன் போட்டிருந்தார். போட்டுக் கொடுத்த இன்டர்நெட் சென்டர்காரர் தன்னுடைய மின்னஞ்சலையே பதிந்திருந்தார். ஏழெட்டு நோட்டீஸ்கள் அந்த அஞ்சல் பெட்டிக்குப் போய்ப் படிக்கப்படாமல் கிடந்தன. இந்த மாவட்டத்தில் வளைகுடாவில் இருப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், தோட்டக்காரர்கள் என்று எத்தனையோ பேருடைய பான் கணக்கு இப்படி வேறு யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். 2018-19 நிதியாண்டில் மாமாவின் சேமிப்புக் கணக்கில் 11,40,000 ரூபாய் ரொக்கமாக ஏறியிருக்கிறது. ஒரு வருஷத்தில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ரிட்டர்ன் இல்லை, நோட்டீஸுக்குப் பதிலும் இல்லை. 2024 பிப்ரவரியில், பதில் தராதவர் என்ற முறையில் 144ஆம் பிரிவில் உத்தரவு போட்டுவிட்டார்கள். முழுத் தொகையும் 69ஏ பிரிவின்படி 'விளக்கமில்லாத பணம்'. அதற்கு 115பிபிஇ பிரிவில் 60 சதவீத வரி, அந்த வரிமேல் 25 சதவீத சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீத செஸ். கூட்டினால் 78 சதவீதம், அதாவது 8,89,200 ரூபாய். அதன்மேல் 234ஏ, 234பி பிரிவுகளின் வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம் வீதம் ஐந்து வருஷக் கணக்குக்கு ஏறி, மொத்தம் 18,94,000. கணக்கில் போட்ட பணத்தைவிட வரி அதிகம்.

ஆனால் அந்தப் பணம் ரப்பர் ஷீட் விற்றது. பாகம் பிரிக்காத குடும்பத் தோட்டம். மூன்று அண்ணன் தம்பிகளின் சரக்கும் மாமா பேரிலேயே போகும். பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் உலர்த்தி விற்றால் அது விவசாய வருமானம், 10(1) பிரிவில் வரி கிடையாது. (பாலை இயந்திரத்தில் கடைந்து செறிவாக்கியோ, கிரேப், பிளாக் ரப்பராக மாற்றியோ விற்கிறவர்களுக்குத்தான் 7ஏ விதி வரும், அதில் 35 சதவீதம் வணிக வருமானம்.) ரிட்டர்ன் போடத் தேவையில்லை என்று மாமா இருந்தது தப்பில்லை. நோட்டீஸுக்குப் பதில் போகாமல் போனதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆக எங்கள் டிமாண்ட் பொய். உங்களுடையது எது என்பதை இப்படித்தான் உத்தரவைப் படித்து முடிவு செய்ய வேண்டும். இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

முழுசாகக் கட்டுவது. டிமாண்ட் சரியானது, பணமும் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. போர்ட்டலில் 'ரெகுலர் அசெஸ்மெண்ட் வரி', அதாவது 400 என்ற தலைப்பில் கட்டிவிட்டு, செலான் நகலோடு அதிகாரிக்கு எழுதினால் கணக்கை விடுவித்து வங்கிக்குக் கடிதம் போகும். தள்ளிப்போட்டால் நஷ்டம்தான், ஏனென்றால் டிமாண்ட் நோட்டீஸ் கிடைத்த 30 நாள் கழிந்ததும் 220(2) பிரிவில் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி ஓடத் தொடங்கும். வீட்டு வாடகை வருமானத்தைக் காட்டாமல் விட்டுவிட்டோம், நிலம் விற்ற லாபத்துக்கு வரி கட்டவில்லை என்று மனசுக்குத் தெரிந்தால் மேல்முறையீடு, ஸ்டே (வசூலை நிறுத்தி வைக்கும் உத்தரவு) என்று அலைய வேண்டாம். ஆனால் பொய்யான டிமாண்டுக்கு நகையை அடகு வைத்துக் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டியபின் ஜெயித்தால் ரீஃபண்ட் வரும், உண்மை. அதற்குள் நகை மூழ்கிவிடும்.

தவணை கேட்பது. டிமாண்ட் சரி, பணம்தான் இல்லை என்பவர்களுக்கான வழி இது. 220(3) பிரிவு தவணைக்கு இடம் தருகிறது. விண்ணப்பம் அந்த 30 நாளுக்குள் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். கணக்கு முடங்கிய பிறகு போகிறவர்களுக்கு அது உரிமையாக இருக்காது, அதிகாரியின் மனசைப் பொறுத்தது. ஆனாலும் வருமானம், செலவு, கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முதல் தவணைக்கான செலானையும் இணைத்துக் கொண்டுபோனால் பேச்சு வேறு மாதிரி போகும். அவர்களுக்கும் பணம் வசூலானால் போதும். தவணை ஓடும்போது வட்டியும் ஓடும் என்பதை மறக்கக் கூடாது. நோய், விபத்து மாதிரி உங்கள் கைமீறிய காரணத்தால் கட்ட முடியாமல் போயிருந்தால், அந்த 220(2) வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ 220(2ஏ) பிரிவில் முதன்மை ஆணையருக்கு மனு போடலாம்.

திருத்த மனு. இது எல்லாவற்றிலும் செலவு குறைந்தது. பலர் மறந்துபோவதும் இதைத்தான். உத்தரவில் கண்ணுக்குத் தெரியும் பிழை இருந்தால் 154ஆம் பிரிவில் கேட்கலாம்: முன்பே பிடித்துக்கொண்ட வரியை (டிடிஎஸ்) கழிக்காமல் விட்டது, கட்டிய செலான் சேராதது, கூட்டல் தப்பு, இந்த மாதிரி. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நாலு வருஷம் வரை நேரம் இருக்கிறது. சம்பளத்தில் வரியைப் பிடித்த முதலாளி அதை அரசுக்குக் கட்டாமல் விட்டு, அந்தத் தொகையை உங்களிடம் கேட்கிறார்களா? 205ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பிடித்தது பிடித்ததுதான், உங்களிடம் மறுபடி கேட்க முடியாது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். ஆனால் எங்கள் கதை மாதிரி 'இது விவசாயப் பணமா இல்லையா' என்று வாதம் வேண்டியிருக்கிற இடத்தில் 154 உதவாது. அதில் போய் மாதக்கணக்கில் காத்திருந்தால் மேல்முறையீட்டுக் கெடுவும் போய்விடும்.

மேல்முறையீடும் ஸ்டே மனுவும். நாங்கள் போனது இதில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் ரப்பர், வாழை, தேங்காய் என்று ரொக்கத்தில் புழங்குகிற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும்.

இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மேல்முறையீடு ஆணையருக்கு (அப்பீல்ஸ்) போகும்: படிவம் 35, ஆன்லைனில், கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அதைப் போட்டதனால் மட்டும் கணக்கு திறக்காது. கணக்கைத் திறக்க உங்கள் பகுதி வரி அதிகாரியிடம் 220(6) பிரிவில் தனியாக ஸ்டே மனு போட வேண்டும். உத்தரவு போட்டவர் முகம் தெரியாத எங்கோ ஓர் அலுவலகத்தில் இருப்பார். வசூலும் ஸ்டேயும் இங்கே இருக்கிற அதிகாரியின் கையில். இது ஒரு விதத்தில் நல்லது, நேரில் போய்ப் பேச ஓர் ஆள் இருக்கிறார்.

மேல்முறையீட்டுக் கெடு 30 நாள். எங்களுக்கு அது கழிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, காரணத்தை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். இன்டர்நெட் சென்டர் மின்னஞ்சல் பதிவாகியிருந்த பக்கத்தை அப்படியே எடுத்து இணைத்தோம். அடுத்து ஒரு குழி இருக்கிறது. ரிட்டர்னே போடாதவர் மேல்முறையீடு செய்தால், முன்வரியாக (வருஷம் முடியும் முன்பே கட்டும் வரி) கட்டியிருக்க வேண்டிய தொகையைக் கட்டினால்தான் மனுவை ஏற்க வேண்டும் என்கிறது 249(4)(பி). இதைக் கவனிக்காமல் விட்டால், வழக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மனு வாசலிலேயே திரும்பும். வருமானம் முழுக்க விவசாயம், அதனால் முன்வரியே வராது என்றும், அப்படியும் வரும் என்று கருதினால் விலக்கு தர வேண்டும் என்றும் ஆடிட்டர் தனி விண்ணப்பம் எழுதினார். முன்பு காட்டாத ஆதாரங்களை இப்போது காட்ட 46ஏ விதியில் இன்னொரு விண்ணப்பம்.

ஆதாரம் எங்கே என்று கேட்டதற்கு மாமா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். ஷீட் கடைக்காரர்கள் கொடுத்த பில்கள். பாதி பில்கள் ரப்பர் பால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அத்தை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கிழியாமல் பிரித்தெடுத்தார். ஒட்டுப்பால் விற்ற துண்டுச் சீட்டுகூட இருந்தது. அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, வங்கியில் பணம் போட்ட தேதிகளுக்கு எதிரே எழுதியபோது, வியாழக்கிழமை விற்ற சரக்கு வெள்ளிக்கிழமை வங்கியில் ஏறியிருப்பது பக்கம் பக்கமாகத் தெரிந்தது. பட்டா, வெட்டுக்காரர்களின் கூலி நோட்டு, மற்ற இரண்டு சகோதரர்களின் எழுத்து மூல வாக்குமூலம் எல்லாம் சேர்த்தோம். கடைக்காரர் ஏன் ரொக்கம் கொடுத்தார் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. விளைவித்தவரிடம் நேரே விளைபொருள் வாங்கும்போது ரொக்கமாகக் கொடுக்க 6டிடி விதி அனுமதிக்கிறது.

ஸ்டே மனுவுக்கு நேரில் போனோம். வரித் துறையின் 2016 பிப்ரவரி 29 அலுவலகக் குறிப்பு 15 சதவீதம் கட்டினால் ஸ்டே தரலாம் என்றது. 2017 ஜூலை 31-ல் அதை 20 சதவீதம் ஆக்கினார்கள். பலர் இதைக் கல்லில் எழுதிய சட்டம் என்று நினைக்கிறார்கள். 2018-ல் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், 20 சதவீதத்துக்குக் குறைவாக வாங்கிக்கொண்டும் ஸ்டே தர அதிகாரிகளுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. கேட்டுப் பார்த்தோம். அதிகாரி 20-லேயே நின்றார். குறைக்கச் சொல்லி முதன்மை ஆணையரிடம் போகலாம், ஆனால் அதற்குள் வாரங்கள் போகும், வெட்டுக்காரர் கூலிக்கு யார் பதில் சொல்வது?

20 சதவீதம் 3,78,800 ரூபாய். சேமிப்புக் கணக்கில் இருந்த 1,86,000-ஐ வங்கி அதற்குள் அனுப்பியிருந்தது. அதை இதில் கழித்துக்கொண்டார்கள். மீதி 1,92,800. அங்கேதான் அத்தையின் பங்கு வந்தது. மாமாவும் அத்தையும் சேர்ந்து போட்டிருந்த 4 லட்ச ரூபாய் டெபாசிட்டையும் வங்கி முழுசாக முடக்கியிருந்தது. கூட்டுக் கணக்கு என்றால் வேறு விதமாக நிரூபிக்கும் வரை ஆளுக்குச் சமபங்கு என்றே கொள்ள வேண்டும் என்று 226(3)-லேயே இருக்கிறது. நோட்டீஸின் நகல் கூட்டாளிக்கும் போக வேண்டும். அத்தைக்கு வரவே இல்லை. எழுதிக் கொடுத்ததும் அத்தையின் 2 லட்சத்தை விட்டுவிட்டார்கள். மாமாவின் 2 லட்சத்திலிருந்து மீதியைக் கட்டினோம். புதிதாகக் கடன் வாங்க வேண்டி வரவில்லை. டெபாசிட் ரசீது வீட்டில் இருக்கிறது, அதனால் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரசீதைக் காட்டாமலேயே வங்கி பணத்தை அனுப்பலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இன்னொன்றும் அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். மாமாவின் கிசான் கார்டு கடன் கணக்கில் எடுக்காத தொகை கொஞ்சம் மீதி இருந்தது. அதுவும் முடங்கிப்போகுமோ என்று பயந்தோம். எடுக்காத கடன் வரம்பு வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி கிடையாது, அதனால் அதை இப்படிப் பிடிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கே.எம். ஆதம் வழக்கில் 1958-லேயே சொல்லிவிட்டது. அந்த வாரக் கூலி அந்தக் கணக்கிலிருந்துதான் போனது.

மதுரைக் கிளை. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின், 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லையில் வருகிறது. அரசியல் சட்டம் 226இன் கீழ் ரிட் மனு போடலாம். பான் மாறி உங்கள் கணக்கைப் பிடித்துவிட்டார்கள், 30 நாள் முடியும் முன்பே பணத்தை எடுத்துவிட்டார்கள், ஸ்டே மனுவை மாதக்கணக்கில் பார்க்காமலே வசூல் செய்கிறார்கள், இப்படி நடைமுறையே உடைந்துபோன இடத்தில் இதுதான் மருந்து. மற்ற இடங்களில் 'மேல்முறையீடு இருக்கிறதே, அங்கே போங்கள்' என்ற பதிலே பெரும்பாலும் வரும். அல்லது ஒரு பங்கைக் கட்டச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வக்கீல் கட்டணம், பயணம், வாய்தா எல்லாம் சேர்த்தால், ஒரு லட்சம் இரண்டு லட்சம் டிமாண்டுக்கு இது கட்டுப்படியாகாது. முதல் படியாக இதில் ஏறுவதை நான் சொல்ல மாட்டேன்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனி உரிமையாளராக இருந்தால் ஜிஎஸ்டி பாக்கிக்கும் உங்கள் சொந்தக் கணக்கைப் பிடிக்கலாம். அங்கே விதி வேறு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் அவகாசம். தகராறான வரியில் 10 சதவீதம் கட்டினால் மீதி வசூல் தானாகவே நிற்கும், அதிகாரியிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. உத்தரவே வராமல் 83ஆம் பிரிவில் தற்காலிகமாக முடக்கியிருந்தால் உடனே ஆட்சேபம் போடுங்கள். அந்த முடக்கம் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது. வருமான வரியைவிட இது எவ்வளவோ நல்ல ஏற்பாடு.

வழி என்று சிலர் சொல்கிற ஒன்று இருக்கிறது: மனைவி பேரில், மகன் பேரில் பணத்தை மாற்றிவிடுவது, நிலத்தை எழுதி வைப்பது. செய்யாதீர்கள். பாக்கி இருக்கும்போது செய்த மாற்றம் வரித்துறைக்கு எதிராகச் செல்லாது என்கிறது 281ஆம் பிரிவு. வேண்டுமென்றே வரி கட்டாமல் தப்பப் பார்த்ததாக 276சி(2)-ல் வழக்கும் வரலாம். பொய்யான டிமாண்டில் சிக்கிய நேர்மையான ஆள், இதைச் செய்த அன்றைக்கே குற்றவாளி மாதிரி ஆகிவிடுவார்.

2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் பழைய ஆண்டுகளின் மதிப்பீட்டுக்கு 1961 சட்டமே ஓடும்.

எங்களுக்கு ஸ்டே உத்தரவு வந்தது கணக்கு முடங்கிய பத்தொன்பதாம் நாள். அதிகாரி வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் பார்த்தால் லீன் அப்படியே இருந்தது. அதனால் உத்தரவின் நகலை நாமே கையில் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போக வேண்டும். லீன் நீங்கியதைக் கண்ணால் பார்த்தபிறகே திரும்ப வேண்டும். மாமா அங்கேயே நின்று முதல் வெட்டுக்காரருக்கு நூறு ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போயிற்று.

மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. பதில் தராமல் போன 144 உத்தரவுகளை ரத்து செய்து புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பும் அதிகாரம் 2024 அக்டோபர் முதல் ஆணையருக்கு (அப்பீல்ஸ்) வந்திருக்கிறது, அதைத்தான் கேட்டிருக்கிறோம். போர்ட்டலில் இப்போது இருப்பது என் மின்னஞ்சலும் என் போன் எண்ணும். வெள்ளிக்கிழமை தோறும் திறந்து பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போடுகிறேன். "வல்லதும் வந்துதா மக்கா?" என்று கேட்பார். அந்த டின் இப்போது அத்தையின் பீரோவில் இருக்கிறது.